காலரக்கா விலை சொன்ன கதை

"இது என்ன விலைங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், காலரக்காவின் உள்ளங்கை வியர்த்துவிடும். ஊசி பிடித்தே காய்த்துப்போன கை அது. கொளுத்தும் வெயிலுக்கு அசையாது, மாடிப்படி ஏறினால் அசையாது, விலை என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் ஈரமாகிவிடும். அந்த ஈரத்தை மடியில் துடைத்துக்கொண்டே அவள் ஒரு தொகையைச் சொல்வாள். சொன்ன மறுகணமே, பெரிய தப்புச் செய்துவிட்டவளைப் போல அதைக் குறைக்கத் தொடங்குவாள்.

அவள் விற்பது ஒட்டுப்போர்வை. துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து மேலே ஒரு விரிப்பு, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி என்று மூன்றையும் அடுக்கி, மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு முடிப்பாள். இயந்திரத்தில் என்றால் ஒரே பகலில் முடிகிற வேலை. கையால் என்றால் நாள் கணக்கில் இழுக்கும். ஆனால் போர்த்திப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இயந்திரத்தில் தைத்தது நம் மேல் கிடக்கும், அவ்வளவுதான். அக்காவின் போர்வையோ நாம் புரண்டு படுத்தால் தானும் புரண்டு படுக்கும். இதை வாங்க வந்தவரிடம் அவள் சொல்ல வேண்டாமா? சொல்ல மாட்டாள். "சும்மா, வீட்ல கெடந்த துணிதாங்க" என்பாள். தன் சரக்கைத் தானே மட்டம் தட்டி விற்கும் வியாபாரியை வேறெங்கும் தேட வேண்டாம்.

காலரக்கா என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் அவள் பல வருஷம் காலர் மட்டுமே தைத்தாள். கை தைப்பது ஒருத்தி, பை வைப்பது ஒருத்தி, பொத்தான் வைப்பது ஒருத்தி, காலர் இவள். ஊரில் பாதிப் பிள்ளைகளின் கழுத்தில் இருந்தது இவள் கைவேலைதான். ஊருக்கெல்லாம் காலர் தைத்துக் கொடுத்தவள் தன் காலரை ஒரு நாளாவது தூக்கிவிட்டுக்கொண்டாளா என்றால் இல்லை. ஒரு நாள் மதியம் தைத்துக்கொண்டிருந்த காலரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கழுத்தே இல்லாத ஏதாவது ஒன்றைத் தைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. போர்வைக்குக் கழுத்து கிடையாது.

வீட்டில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. புருஷன் தராசுக்காரன் நிதானமானவன். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சரிபார்ப்பதும் பழுது பார்ப்பதும் அவன் தொழில். எதையும் இந்தத் தட்டில் கொஞ்சம், அந்தத் தட்டில் கொஞ்சம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான்.

"மழைக்காலம் முடியற வரைக்கும் பாரு. அதுக்கப்புறம் சீருடை சீசன் வந்துடும், உங்க மேஸ்திரி ஆள் தேடுவாரு. அதுக்குள்ள வாடகையும் கொடுத்து, காலர் தைச்சு வாங்கின சம்பளம் அளவுக்கு உன் கையில நின்னா நடத்து. நிக்கலைன்னா பழைய நாற்காலிக்குப் போயிடணும். சரியா?"

"சரி" என்றாள். நின்றுவிடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். தைக்கத் தெரிந்தவளுக்கு விற்கத் தெரியாதா என்ன, என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது.

கடைத்தெருவில் வாடகை குறைவாக ஓர் அறை கிடைத்தது. நல்ல வெளிச்சம், அகலமான ஜன்னல், சட்டத்தை விரித்துப் போட இடம். வாடகை ஏன் குறைவு என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது. கீழே பல் டாக்டரின் மருத்துவமனை. அவர் துளைக்கிற சத்தம் தரை வழியாக ஏறி, சட்டத்தின் காலைப் பிடித்து, ஊசி வழியாக அக்காவின் விரலுக்கே வந்து சேரும். போதாததற்கு, பல் பிடுங்கிய ஒவ்வொருவர் வாயிலும் டாக்டர் பஞ்சை அடைத்து, "அரை மணி நேரம் வாயைத் தொறக்கக் கூடாது, பேசவே கூடாது" என்று சொல்லி வராந்தாவில் உட்கார வைப்பார். வாயைக் கட்டிப்போட்டால் கால் சும்மா இருக்குமா? பக்கத்தில் படி இருந்தது. ஏறிப் பார்ப்பார்கள். மாடியில், அக்கா வீட்டில் இருந்தபோதே தைத்துச் சேர்த்த போர்வைகள் வண்ண வண்ணமாகத் தொங்கும்.

அப்படித்தான் அக்காவின் முதல் வாடிக்கையாளர் வந்து சேர்ந்தார். ஆறடி ஆள், ஒரு கன்னம் மட்டும் பன் மாதிரி வீங்கியிருந்தது. நீலமும் பழுப்புமான ஒரு போர்வையைத் தொட்டுக் காட்டி, விலை என்ன என்று விரலால் சைகை செய்தார்.

"ரெண்டாயிரங்க" என்றாள் அக்கா, கையைத் துடைத்துக்கொண்டே.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாயில் பஞ்சு இருந்ததென்று அவளுக்கு என்ன தெரியும்? அவள் குடிவந்து மூன்று நாள்கூட ஆகவில்லை.

"அதிகமா சொல்லிட்டேனோ? ஆயிரத்து எண்ணூறு கொடுங்க."

அவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். வலிக்கு வைத்த கை. அக்காவுக்கு அது அதிர்ச்சியில் வைத்த கையாகத் தெரிந்தது.

"சரி, ஆயிரத்து ஐநூறு. நீங்க சொல்றதும் நியாயந்தான், அந்த ஓரத்துத் துண்டு கொஞ்சம் பழைய துணி."

அவர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மரத்துப் போன இடம் தெளிந்து வலி ஏறியதோ என்னவோ, பாவம், அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அக்கா பதறிப்போனாள்.

"ஐயய்யோ, அழாதீங்க! ஆயிரம் கொடுங்க போதும், எடுத்துட்டுப் போங்க!"

ஆறடி ஆள் ஆயிரத்தைக் கொடுத்துவிட்டு, போர்வையை அணைத்துக்கொண்டு படியிறங்கினார். அடுத்த வாரம் வீக்கம் வடிந்த முகத்தோடு வந்தார். இப்போது வாயும் வேலை செய்தது.

"அன்னிக்கு ரெண்டாயிரம்னு சொன்னப்பவே எனக்குச் சம்மதந்தாங்க. சரின்னு தலையாட்டலாம்னு பார்த்தா கழுத்தை அசைக்க முடியல, அவ்வளவு வலி. அதுக்குள்ள நீங்களே ஆயிரத்துக்கு எறங்கி வந்துட்டீங்க. ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு! வீட்ல இன்னொண்ணு கேட்டாங்க. அதே ஆயிரம்தானே?"

கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வாள், பெரிய மனசு என்று சொல்லிவிட்டாரே.

இதைக் கேட்ட தராசுக்காரன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தான். "ஒருத்தர் வாயைத் தொறக்காமலே உன்கிட்ட பாதி விலைக்கு வாங்கிட்டுப் போறாரு. வாயைத் தொறந்திருந்தா நீ அவருக்குக் காசு கொடுத்து அனுப்பியிருப்பே" என்றான். நியாயமான விலை என்று ஒன்று இருந்தால் இவள் ஏன் தடுமாறப் போகிறாள் என்று அவனுக்குப் பட்டது. நியாயம் என்றாலே அவனுக்குத் தராசுதான். மறுநாளே ஒரு பெரிய தராசைத் தோளில் சுமந்து மாடிக்குக் கொண்டுவந்தான்.

"எடை போட்டு விற்போம். யாரும் ஒண்ணும் பேச வேண்டியதில்ல."

எடை போட்டார்கள். அக்கா கண்ணைக் கெடுத்துக்கொண்டு பொடித் தையலாகத் தைத்த மெல்லிய போர்வை, அவள் கையிலேயே ஆக உசத்தியானது, வெங்காய விலைக்கு வந்து நின்றது. பழகுவதற்காக முதன்முதலில் தைத்த தடிப் போர்வை ஒன்று இருந்தது. நாய்கூட அதன்மேல் படுக்க யோசிக்கும். அதற்குத்தான் கடையிலேயே அதிக விலை. அதோடு முடிந்ததா? மழை பிடித்துக்கொண்டது. பஞ்சு ஈரத்தைக் குடிக்கக் குடிக்க, சும்மா தொங்கிக்கொண்டிருந்த போர்வைகளுக்கெல்லாம் விலை ஏறிக்கொண்டே போனது. காலையில் ஒரு விலை கேட்டுவிட்டுப் போன அம்மாள் மாலையில் பணத்தோடு வந்தால் வேறு விலை. "என்னங்க இது, தங்கமா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். வாழ்நாளெல்லாம் ஈரப் பொருளை நிறுத்து விற்கும் கடைக்காரர்களைத் திட்டி வந்த தராசுக்காரனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆயிற்று. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தராசை இறக்கிக்கொண்டு போனான்.

இரண்டு நாள் கழித்து அவனே கேட்டான். "ஒரு போர்வை தைக்கிற நேரத்துல நீ எத்தனை காலர் தைச்சிருப்பே?"

அக்கா யோசிக்கவே இல்லை. காலர் விஷயத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. சட்டென்று சொன்னாள். அந்தக் காலர்களுக்குத் தொழிற்சாலை என்ன கொடுத்திருக்குமோ அதை எடுத்துக்கொண்டான், அதோடு துணி, பஞ்சு, நூல், வாடகையில் ஒரு பங்கு. கூட்டிப் பார்த்தால் கட்டில் அளவுப் போர்வைக்கு இரண்டாயிரத்து நானூறு வந்தது. இருவரும் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதில் யாரை யாரும் ஏமாற்றவில்லை. தராசுக்காரன் ஓர் அட்டையில் அதைப் பெரிதாக எழுதி ஒவ்வொரு போர்வையிலும் ஊசி குத்தி மாட்டினான். பிரச்சினை தீர்ந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

எங்கே தீர்ந்தது? அன்று மாலையே புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. பெண் அட்டையைப் படித்தாள். படித்தாள், அவ்வளவுதான், முகம்கூடச் சுளிக்கவில்லை.

"அதைப் பார்க்காதீங்க" என்றாள் அக்கா அவசரமாக. "அது எங்க வீட்டுக்காரர் எழுதினது. அவரு கொஞ்சம் அப்படித்தான். நீங்க என்ன கொடுப்பீங்க, சொல்லுங்க."

அட்டை ஒரு பக்கம், அட்டைக்குச் சொந்தக்காரி எதிர்ப் பக்கம். இப்படியே மழைக்காலம் கரைந்தது. போர்வைகள் போய்க்கொண்டிருந்தன, பணம் வந்த சுவடில்லை. வாடகைக்குத் தராசுக்காரன் தன் கையிலிருந்து போட வேண்டியதாயிற்று. ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம்.

"ஏன் உன்னால அதை வாயால சொல்ல முடியல? உனக்கே தெரியும் அது நியாயமான விலைன்னு" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்டான். அதில் கோபம் இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான்.

அக்கா நூலைக் கடித்து அறுத்தாள். "காலர் தைச்சப்ப நான் யார்கிட்டயும் கேட்டதில்லீங்க. மேஸ்திரி எண்ணுவாரு, கொடுப்பாரு. அது காலரோட விலை. இது அப்படியில்ல. இது ரெண்டாயிரத்து நானூறுன்னு சொன்னா, என்னோட விலையே ரெண்டாயிரத்து நானூறுன்னு சொல்ற மாதிரி இருக்கு. எதிர்ல இருக்கிறவங்க 'நீயா? உனக்கா?'ன்னு கேட்டுடுவாங்களோன்னு பயம். அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுக்கறேன்."

தராசுக்காரன் எழுந்து போய் இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தான்.

மழை விட்டது. மேஸ்திரியிடமிருந்து ஆள் வந்தது. நாற்காலி காலியாக இருக்கிறதாம், வருகிறாளா இல்லையா என்று மாதம் முடிவதற்குள் சொல்ல வேண்டுமாம். அந்த நாற்காலியை நினைத்தாலே அக்காவுக்குப் பிடரி வலித்தது. அது போதாதென்று கடைவாய்ப் பல்லும் வலிக்கத் தொடங்கியது. பல் டாக்டரின் தலைக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு கிராம்பைக் கடித்துச் சமாளித்துப் பார்த்தாள். கடைசியில் தாங்க முடியாமல் இறங்கிப் போய் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தாள். டாக்டர் பிடுங்கினார், பஞ்சை அடைத்தார், "அக்கா, அரை மணி நேரம் வாயைத் தொறக்கக் கூடாது" என்றார்.

வலித்த வாயோடு அவள் மாடியேறினால், அங்கே ஒரு மேடம் நிற்கிறாள். விடுதி நடத்துகிறவள், கையில் கார்ச் சாவி, கடைத்தெருவில் பேரம் பேசுவதில் பேர் போனவள். அவள் தெருவில் வருவதைப் பார்த்தாலே பழக்கடைக்காரர் பழங்களை உள்ளே எடுத்து வைப்பார் என்று சொல்வார்கள். மேடம் அட்டையைச் சுண்டினாள்.

"ரெண்டாயிரத்து நானூறா? கடைசி விலை சொல்லுங்க."

அக்கா வழக்கம்போல் வாயைத் திறக்கப் போனாள். பஞ்சு தடுத்தது. உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி நின்றாள்.

"சரி, ஆயிரத்து ஐநூறு தரேன்."

மௌனம். வலி சுள்ளென்று இழுக்க, அக்காவின் ஒரு புருவம் மேலே போனது.

"ஓகோ, அப்படியா? ரெண்டாயிரம். அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணின் ஓரத்தில் ஒரு சொட்டு நீர்.

மேடம் ஆடிப்போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கடைக்காரர்கள் அவளிடம் சண்டை போட்டிருக்கிறார்கள், சத்தியம் செய்திருக்கிறார்கள், பெண்டாட்டி பிள்ளைகளை இழுத்திருக்கிறார்கள். ஒருவரும் இப்படி வாய் பேசாமல் கண்ணீர் விட்டதில்லை. "சரி சரி, கைவேலை, எனக்குப் புரியுது. இந்தாங்க, அட்டையில போட்டதையே வச்சுக்கோங்க. அந்தச் சிவப்பையும் எடுத்துக் கொடுங்க" என்றாள். கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகும் அக்கா பணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாலைக்குள் வாய் வீங்கித் திறக்க முடியாமல் போனதால், வேலை முடிந்து வந்த தராசுக்காரனிடம் அவள் பணத்தைக் காட்டி, வாயைக் காட்டி, காரைக் காட்டி, குதித்துக் குதித்து நடித்துக் காட்டினாள். கார் இடித்துப் பல் போய்விட்டது, நஷ்ட ஈடு கொடுத்தார்கள் என்று அவன் புரிந்துகொண்டான்.

மறுநாள் வலி போய்விட்டது. வாயும் திறந்துவிட்டது. அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு போர்வைக்கு வைத்திருந்த பஞ்சில் ஒரு சிட்டிகை பிய்த்து, உருட்டி, கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வியாபாரம் பிடித்த பிடியைப் பார்க்க வேண்டுமே! வந்தவர்கள் அட்டையைப் படித்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள், தாங்களே பேசி, தாங்களே மறுத்து, தாங்களே ஒப்புக்கொண்டு பணத்தை வைத்துவிட்டுப் போனார்கள். தெருவில் மட்டும் வேறு பேச்சு கிளம்பியது. அக்காவுக்கு ஒரு பல்கூட மிச்சமில்லையாம். பக்கத்து வீட்டுக்காரி மெல்ல வேண்டாத சாப்பாடாகச் செய்து கொண்டுவந்து வைத்தாள். டாக்டரின் வராந்தாவிலோ கூட்டம் குறைந்தது. ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டு இத்தனை நாளாகியும் ரத்தம் நிற்கவில்லையென்றால் அவர் என்ன டாக்டர் என்று ஊர் கேட்டது. அவர் ஒரு நாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அந்தப் பஞ்சை எடுங்க. என் பொழைப்புல மண்ணைப் போடாதீங்க."

"ம்ம்" என்றாள் அக்கா. அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பஞ்சை எடுத்தால் வாய் திறக்கும், வாய் திறந்தால் விலை விழும், விலை விழுந்தால் காலர். டாக்டர் பிழைப்பா தன் பிழைப்பா என்று வந்தால் அவள் என்ன செய்வாள்?

இன்னொரு சங்கடமும் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்தது. மௌனத்துக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஒரு நாள் கூச்ச சுபாவமுள்ள ஓர் ஆசிரியர் அட்டை விலையை வைத்தார். அக்கா சும்மா இருந்தாள். போதவில்லை போலிருக்கிறது என்று பயந்துபோய் மேலும் இருநூறு வைத்துவிட்டு ஓடினார். அக்கா அதையும் எடுத்துக்கொண்டாள். முதல் தடவை உறுத்தியது. மூன்றாவது தடவை புதுக் கத்தரிக்கோல் வாங்கினாள்.

தராசுக்காரனுக்கு அது பிடிக்கவில்லை. "கம்மியா காட்டுனாத்தான் கெட்ட தராசுன்னு இல்ல. கூட காட்டுனாலும் கழட்டி வச்சுத்தான் பார்ப்பேன்" என்றான்.

"நானா கேட்டேன்? அவங்களா கொடுத்தாங்க" என்றாள் அவள். வீட்டில்தான் வாய் திறக்குமே.

மாதக் கடைசியில் பட்டன்காரி வந்தாள். தொழிற்சாலையில் அக்காவுக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. அக்கா காலர் வைத்து நகர்த்தும் சட்டைக்கு அவள்தான் பொத்தான் வைப்பாள். இருவரும் பேசிய பேச்சை எல்லாம் சேர்த்துத் தைத்தால் ஊரையே போர்த்தலாம். மேஸ்திரி அவளைத்தான் பதில் வாங்கிவர அனுப்பியிருந்தார். அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது.

"என்னக்கா, நெசமாவே பல்லெல்லாம் போச்சா? பேசாதே பேசாதே, நான் பேசறேன்" என்று உள்ளே வந்தவள் போர்வைகளைப் பார்த்து நின்றுவிட்டாள். ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். தையல்காரி எதையும் பின்பக்கம்தான் பார்ப்பாள். "அடேயப்பா. இது என் கட்டிலுக்கு வேணும்க்கா. நான் இதுவரைக்கும் எனக்குன்னு ஒண்ணும் வாங்கினதில்ல. ஓவர்டைம் செஞ்சு சேர்த்து வச்சிருக்கேன்."

அட்டையைப் படித்தாள். பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி மேசைமேல் வைத்தாள். இரண்டாயிரத்து நானூறு. வைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பழக்கம், வேறென்ன? பஞ்சு கன்னத்தில் இருந்தது.

"பத்தலையா?" பட்டன்காரியின் குரல் இறங்கியது. "எனக்குத் தெரியும்க்கா. வெளியாளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் இதுல எத்தனை தையல்னு. ரெண்டு பொத்தான் தொலைஞ்சதுக்கு என் சம்பளத்துல பிடிச்சாங்களே, அன்னிக்கு நான் அழுதப்ப நீதானே சொன்னே, நம்ம வேலைக்கு நாமே விலை வைக்கற நாள் வரும்டீன்னு. உன்கிட்ட நான் குறைச்சுக் கொடுப்பேனா?" மேலும் இருநூறு வைத்தாள்.

அக்கா வாயைத் திறக்கப் போனாள். ஆனால் இத்தனை நாள் பூட்டியிருந்த கதவு, உடனே திறக்கவில்லை. திறந்தால் எது வந்து விழும் என்றும் பயம். ஐநூறு கொடு போதும், சும்மா எடுத்துட்டுப் போ என்று தானம் செய்துவிடுவாளோ? அப்படிக் கொடுத்தால் இவள் ஓவர்டைம் செய்து வந்ததற்கு என்ன மரியாதை? அந்தத் தடுமாற்றத்தில் அவள் முகம் கோணியது. பட்டன்காரி அதையும் தப்பாகத்தான் புரிந்துகொண்டாள். பையைக் கவிழ்த்தாள். சில்லறை உருண்டது, அதோடு பேருந்துக்கு வைத்திருந்த காசும்.

"இவ்வளவுதான்க்கா இருக்கு. நடந்தே போயிக்கறேன், பரவாயில்ல. மீதியை அடுத்த மாசம்..."

சில்லறையைத் தள்ளிய அந்த விரல்களை அக்கா பார்த்தாள். நுனியெல்லாம் நூல் அறுத்த கோடுகள். தன் விரல் எது, அவள் விரல் எது என்று தெரியாத அளவுக்கு ஒரே மாதிரிக் கோடுகள். இந்த விரல்களிடம் நான் கூடுதலாக வாங்குகிறேன் என்ற எண்ணம் வந்ததும் அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த ஆசிரியரின் இருநூறும் சேர்ந்து வந்து உறைத்தது.

"தூ" என்று பஞ்சைத் துப்பினாள். அது பறந்து போய் ஜன்னல் கம்பியில் ஒட்டிக்கொண்டது.

"ரெண்டாயிரத்து நானூறு!"

பட்டன்காரி திடுக்கிட்டு ஓர் அடி பின்வாங்கினாள். அக்காவுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டாயிரத்து நானூறு. அதுக்கு மேல ஒரு பைசா வேணாம். சில்லறையை எடுத்து உள்ள வை, பஸ்ஸுல போ."

உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

பட்டன்காரி குனிந்து அவள் வாயையே உற்றுப் பார்த்தாள். "அக்கா, உனக்குப் பல்லு எல்லாம் இருக்கு!"

"ஒண்ணுதான் இல்ல."

"அப்புறம் ஏன்க்கா ஊமை மாதிரி நின்னே? என் உயிரே போச்சு." சில்லறையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். மேலே வைத்த இருநூறையும் எடுத்துக்கொண்டாள். எடுத்தவள், கண் சிமிட்டும் நேரத்தில் பழைய பட்டன்காரி ஆகிவிட்டாள். மேசையிலிருந்த பணத்தின் மேலும் கையை வைத்துக்கொண்டு இளித்தாள். "அப்படின்னா ரெண்டாயிரத்து முன்னூறுன்னு வச்சுக்கோயேன். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்தவங்கதானே நாம?"

கீழே டாக்டர் யாருக்கோ துளைத்துக்கொண்டிருந்தார். சத்தம் தரை வழியாக ஏறி வந்தது. அக்கா காத்திருந்தாள், எப்போதும்போல் தன் வாயிலிருந்து அந்தக் குறைப்பு வந்து விழும் என்று. வரவில்லை.

"முடியாதுடீ" என்றாள்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது பட்டன்காரிதான். பிறகு இருவரும் போர்வையை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து மடித்தார்கள். மடித்ததைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டன்காரி படிவரை போனவள், வந்த வேலை நினைவுக்கு வந்து திரும்பினாள்.

"மேஸ்திரி பதில் கேட்டாரே, என்னன்னு சொல்ல?"

"நாற்காலியை வேற யாருக்காவது கொடுத்துடச் சொல்லு."

"கோவிச்சுக்குவாரு."

"கோவம் தணிஞ்சதும் ஒரு போர்வை வாங்க வரச் சொல்லு" என்றாள் காலரக்கா. போர்வைகளில் குத்தியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கியிருந்தாள். "விலையை நானே சொல்றேன்னு சொல்லு."